எட்டாம் நம்பர் ஜேர்சி

நேற்றுப் பின்னேரம் கிரவுண்டில ரெண்டு பெடியளுக்கு வாக்குவாதம், இங்கிலாந்தின்ர லிவர்பூல் உதைபந்தாட்டக் கிளப்பில ஜெராட் பெரிய ஆளோ சலா பெரிய ஆளோ எண்டு. ஒருத்தன் கோல் கணக்குச் சொல்லுறான், மற்றவன் கப் கணக்குச் சொல்லுறான். கணக்கில பிடிபடுற விசயமில்லை இது. அதான் இரவிருந்து எழுதுறன்.

2005 வைகாசி, சமாதான காலம். ஏ9 பாதை திறந்திருந்ததால லண்டன் மாமா கிளிநொச்சிக்கு வந்து நிண்டவர், எனக்கு ஒரு சிவப்பு லிவர்பூல் ஜேர்சி கொண்டந்தவர், முதுகில ஜெராட்டின்ர 8. இஸ்தான்புல்லில லிவர்பூலுக்கும் மிலானுக்கும் சம்பியன்ஸ் லீக் பைனல், எங்கட நேரத்துக்குச் சாமம். ஜெனரேட்டர் இருந்த ஒரு வீட்டு முத்தத்தில ரீவியைத் தூக்கி வச்சுப் பார்த்தம். பாதிநேரத்தில மிலான் 3 - 0. பெரியாக்கள் எழும்பிப் படுக்கப் போட்டினம், மாமா மட்டும் அசையேல்ல. 54ஆவது நிமிசம் ஜெராட் தலையால அடிச்சார், அடிச்சுப்போட்டுத் திரும்பி ஓடேக்க ரெண்டு கையையும் திரும்பத் திரும்ப மேல தூக்கி, சனத்தைப் பார்த்து எழும்புங்கோ எழும்புங்கோ எண்டு... கோலைவிட அந்தக் கைதான் இண்டைக்கும் என்ர கண்ணுக்க நிக்குது. 6 நிமிசத்தில 3 கோல், பிறகு பெனல்ரி, விடியப்பறம் கப் எங்கட பக்கம்.

அந்த ஜேர்சி, நெஞ்சில மாங்காய்ப்பால் கறையோட, தருமபுரம் மட்டும் பைக்குள்ள இருந்தது. 2009ல விசுவமடு தாண்டேக்க ஒரு பையை விட்டிட்டுத்தான் ஓடினம், அதுக்கதான் போயிருக்கும்.

ஹில்ஸ்பரோ மைதானத்தில நடந்த அநர்த்தம் பற்றி எனக்கு வடிவாத் தெரிஞ்சது 2016லதான். 1989 சித்திரை 15, ஷெபீல்டில லிவர்பூல் விளையாடின அரையிறுதி மட்ச், கூட்டத்தில நெரிபட்டுச் சனம் செத்தது, பிறகு போனவையையும் சேர்த்து 97 பேர். பொலிஸ் பழியைச் சனத்தின்ர தலையில போட்டுது. தாய்தேப்பன்மார் விடேல்ல, 27 வருசம் அலைஞ்சு, 2016லதான் ஜூரி சொல்லிச்சுது, அநியாயமாக் கொல்லப்பட்டவை, ரசிகரில பிழையில்லை எண்டு. அடுத்த வருசம் மாசி 20, கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் போராட்டத்தில குந்திச்சினம். வேலைக்குப் போற வழியில, மடியில படத்தை வச்சுக்கொண்டு இருக்கிற அந்த முகங்களைப் பார்க்கேக்க 27 எண்ட நம்பர்தான் மண்டைக்க ஓடும்.

ஹில்ஸ்பரோ நேரம் லிவர்பூல் மனேஜர் கென்னி டல்கிளிஷ். 1977ல ஸ்கொட்லாந்தின்ர செல்ரிக் கிளப்பில இருந்து விளையாட வந்தவர், 78 ஐரோப்பியக் கப் பைனலில ஒரே கோலும் அவற்றதான், 86ல மனேஜரா இருந்துகொண்டே விளையாடி லீக்கும் எஃப்.ஏ. கப்பும் எடுத்தவர். எனக்கு அவர் பெரிய ஆள் செத்தவீடுகளாலதான். ஒரே நாளில 4 செத்தவீட்டுக்குப் போய் நிண்டிருக்கிறார். 91ல மனம் ஏலாமப் பொறுப்பை விட்டவர். கலியாணத்துக்கு வராதவனை எங்கட சனம் மன்னிக்கும், செத்தவீட்டுக்கு வந்து நிண்டவனை மறக்கவே மறக்காது.

அந்த 97 பேரில ஆகச் சின்னப் பெடியனுக்கு 10 வயசு. ஜெராட்டின்ர ஒண்டுவிட்ட அண்ணா. இதை வாசிச்சாப் பிறகுதான் இஸ்தான்புல்லில அந்தக் கை ஏன் அப்பிடி எழும்பினதெண்டு எனக்கு விளங்கின மாதிரி இருந்தது. பிரீமியர் லீக் அவருக்குக் கடைசிவரை கிடைக்கேல்ல, 2014ல செல்சியோட சறுக்கினாப் பிறகு மாமாவும் நானும் போனை வச்சுக்கொண்டு கனநேரம் கதைக்காமலே இருந்தம்.

அதுக்கெல்லாம் முதல் லிவர்பூலுக்கு விளையாடினவர் பில்லி லிடெல் எண்டொருத்தர். 1954ல லிவர்பூல் இரண்டாம் டிவிசனுக்கு விழுந்தது, அவர் விட்டுட்டுப் போகேல்ல, 61ல ஓயுமட்டும் அங்கதான். சனம் கிளப்பையே லிடெல்பூல் எண்டு கூப்பிட்டது.

சலா லிவர்பூல்காரனே இல்லை, எகிப்தில ஒரு கிராமம். சின்னனில பயிற்சிக்குக் கெய்ரோ போக மணித்தியாலக் கணக்கா பஸ் மாறி மாறிப் போனவர். முல்லைத்தீவுப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில யாழ்ப்பாணம் போய் விளையாடிட்டு இருட்டினாப் பிறகு வாற பெடியளை எனக்குத் தெரியும், அவங்களுக்குச் சலாவைப் பற்றி நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. 30 வருசமா வராத லீக் 2020ல வந்தது அவற்ற காலத்திலதான்.

நாளைக்கு அந்த ரெண்டு பேரையும் வீட்ட கூப்பிட்டு இஸ்தான்புல் மட்ச்சை முழுசாப் போட்டுக் காட்டப்போறன். பாதிநேரத்தில எழும்ப விடமாட்டன்.