கூச்சம் என்று நினைத்துக் கடத்திய நான்கு மாதங்கள்

பல் கூச்சம் எனக்குப் பழகிய விஷயம். மேல்வரிசையில் இடதுபக்கம் மூன்று பற்கள், ஈறை ஒட்டிய இடத்தில் நகம் பட்டாலே சுள்ளென்று இழுக்கும். கடினமான பிரஷ்ஷால் வருஷக்கணக்காக அழுத்தித் தேய்த்ததில் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. குளிர்ந்த மோர் குடித்தால் கூசும், விழுங்கி முடிப்பதற்குள் போய்விடும். கூச்சத்துக்கான பேஸ்ட்டை விடாமல் தேய்த்தேன். மூன்று வாரத்தில் மட்டுப்பட்டது.

அதனால்தான் வலதுபக்கம் கடைவாயில் கூச ஆரம்பித்தபோதும் அதே பேஸ்ட்டை நம்பினேன். முதல் மாதம் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் கூசியது. அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் உள்ளே வலி இருந்துகொண்டே இருந்தது. மூன்றாம் மாதம் சூடான காபிக்கும் வந்தது. இடதுபக்கம் ஒருநாளும் சூட்டுக்குக் கூசியதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். "கூசுதா, வலிக்குதா? சரியாச் சொல்லு" என்று அம்மா கேட்டார். கூசுகிறது என்றுதான் சொன்னேன்.

நான்காம் மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. ஒன்றும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. தானாகவே விண்விண்ணென்று தெறித்தது. படுத்தால் கூடியது, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தது. கிராம்பைக் கடித்து வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் மரத்தது, மறுபடியும் தொடங்கியது. காது வரை இழுத்ததில் மேல்பல்லா கீழ்ப்பல்லா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. காலையில் பல் மருத்துவரிடம் போனேன்.

எங்கே வலிக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான் அந்த மருத்துவர் அதிகம் கேட்டார். சின்னப் பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரே அடித்து, "பட்டதும் கையைத் தூக்குங்க, வலி போனதும் இறக்குங்க" என்றார். இடதுபக்கம் தேய்ந்த பல்லில் வைத்தார். தூக்கினேன், பஞ்சை எடுத்ததுமே இறக்கிவிட்டேன். வலதுபக்கம் ஒவ்வொரு பல்லாக வந்து, கீழே கடைசிக்கு முந்தைய பல்லில் வைத்தார். பஞ்சு குப்பைக்கூடைக்குப் போய்விட்டது, என் கை அரை நிமிஷத்துக்கு மேல் இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் சொத்தை, நரம்பு இருக்கும் அறையைத் தொட்டுக்கொண்டு கருநிழலாகத் தெரிந்தது. வெளியே கண்ணாடியில் பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாத இடம்.

அவர் விளக்கியது மனதில் நன்றாகப் பதிந்தது. எனாமலுக்குக் கீழே இருக்கும் பகுதி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். மேலே மூடியிருப்பது தேய்ந்தால் குளிர் பட்டவுடன் அவற்றில் இருக்கும் நீர்மம் நகர்ந்து நரம்பைச் சீண்டும். குளிர் போனால் அதுவும் நின்றுவிடும். அதுதான் கூச்சம். பேஸ்ட்டில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் அந்த நரம்பைச் சாந்தப்படுத்துகிறது. சொத்தையில் வரும் வலி அப்படியில்லை. நரம்பே அழற்சியாகி வீங்குகிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் தூண்டியது போன பிறகும் வலி நிற்கிறது, தானாகவும் கிளம்புகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் ராத்திரி கொல்கிறது. அதற்குப் பேஸ்ட் ஒன்றும் செய்யாது. முதல் மாதமே வந்திருந்தால் சொத்தையைச் சுரண்டி அடைப்பதோடு பெரும்பாலும் முடிந்திருக்கும் என்றார். அதைக் கேட்டபோதுதான் நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இப்போது ரூட் கெனால்தான் வழி, அதாவது கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைப்பது. மூன்று தடவையில் முடிந்தது. பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போகும் ஊசி குத்தியதுதான் வலித்தது, பிறகு வாயைத் திறந்தே வைத்திருக்கும் தாடை வலி மட்டும். அன்று ராத்திரி படுத்ததும் தூங்கினேன். அப்புறம் அந்தப் பல்லின் மேல் உறை மாதிரி கேப் போட்டார்கள்.

இடதுபக்கப் பள்ளங்களில் இரண்டைப் பல் நிறத்திலேயே அடைத்துவிட்டார். மூன்றாவதை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்றார். பிரஷ்ஷை மென்மையானதாக மாற்றிவிட்டேன். மோர் குடித்தால் அந்த ஒரு பல் இன்னும் கூசத்தான் செய்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் போய்விடுகிறது.