இனிஷியல் படுத்திய பாடு

பிரிட்டனில் டாக்டராக வேலை பார்க்க எதைப் படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று ஜூனியர்கள் கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "பாஸ்போர்ட்ல உன் பேர் எப்படி இருக்கு?" சிரிப்பார்கள். 2022-இல் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் படித்தது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிளாப் எழுதலாம் என்ற எண்ணம் வந்தது. பிரிட்டனுக்கு வெளியே மருத்துவம் படித்தவர்கள் அங்கே பதிவு பெறுவதற்காக எழுதும் தேர்வு அது. நடத்துவது அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், சுருக்கமாக ஜிஎம்சி. "பேரே ஃபிளாப்புங்கா, அதை எழுதி என்ன செய்யப் போறா?" என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டதை அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் வகுப்பு சான்றிதழில் தொடங்கி எம்.பி.பி.எஸ். பட்டம் வரை என் பெயர் ஓர் இனிஷியலும் ஒரு சொல்லும்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பிரவுசிங் சென்டர் பையன் "அக்கா, இதுல அப்பா பேரைப் போட்டிருவோம்" என்றான், நானும் தலையை ஆட்டினேன். அப்பாவுக்கு வைத்திருப்பது எங்கள் குலசாமி பெயர், நீளமானது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு வரியே வேண்டும்.

நம் பட்டம் உண்மையானதுதானா என்று ஜிஎம்சி நேரடியாகப் பார்ப்பதில்லை. எபிக் என்ற அமெரிக்கச் சரிபார்ப்புச் சேவை நம் சான்றிதழை வாங்கி, படித்த இடத்துக்கே அனுப்பிக் கேட்கிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டில் முழுப் பெயர், பட்டத்தில் ஒற்றை எழுத்து. இருவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் கொடு என்று மின்னஞ்சல் வந்தது. நம்மூரில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கும் இனிஷியல் என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவனுக்கு அதை எந்தத் தாளை வைத்து விளக்குவது? கடைசியில் பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனேன். "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் என்னையே குறிக்கும்" என்று முத்திரைத்தாளில் அபிடவிட் போட்டுக் கொடுத்தார். "வெளிநாடு போற பிள்ளைக பாதிப்பேருக்கு இதே கேஸ்தாம்மா" என்று அவர் சொன்னபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. அபிடவிட்டை அனுப்பி, மறுபடியும் கேட்டு, எல்லாம் தெளிய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் ஒரு பாடப்புத்தகத்தை முடித்திருக்கலாம்.

ஆங்கிலத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7-க்குக் குறையக் கூடாது. ஓஇடி என்றால் நான்கு பகுதியிலும் பி கிரேடு. ஓஇடியின் எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்பிவைக்கும் கடிதம்தான் எழுதச் சொல்வார்கள். வார்டில் தினமும் எழுதிய சங்கதி என்பதால் அதையே எடுத்தேன். எதை எடுத்தாலும் இரண்டு வருடத்தில் காலாவதி. ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு மற்றதை ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பிளாப்பில் இரண்டு பகுதி. முதல் பகுதிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். 180 கேள்வி, மூன்று மணி நேரம், கேள்விக்கு ஒரு நிமிடம். பாடம் நாம் படித்ததேதான். ஆனால் பழக்கம் வேறு. இருமலும் எடை குறைவுமாக ஒருவர் வந்தால் ஹைகிரவுண்டில் காசநோயாக இருக்கும் என்று நம் கை தானாக சளிப் பரிசோதனைக்கு எழுதிவிடும். அந்தத் தேர்விலோ நாற்பதைத் தாண்டிய, சிகரெட் பிடிக்கிறவர் என்றால் முதலில் நுரையீரல் புற்றுநோய் மனதில் வர வேண்டும். காய்ச்சல் என்றதும் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் என்று ஓடும் மூளையைப் பிடித்து நிறுத்தவே இரண்டு மாதம் பிடித்தது.

இரண்டாம் பகுதிதான் ஆளை உருக்கிவிட்டது. அதை மான்செஸ்டரில் மட்டுமே நடத்துகிறார்கள். நான் எழுதிய 2023-இல் கட்டணம் மட்டுமே லட்ச ரூபாயை ஒட்டி வந்தது. விமானம், விசா, தங்குமிடம் தனி. அம்மாவின் வளையல் பேங்குக்குப் போனது அப்போதுதான். பதினாறு அறைகள். கதவுக்கு வெளியே ஒட்டியிருப்பதைப் படிக்க ஒன்றரை நிமிடம், உள்ளே எட்டு நிமிடம். உள்ளே நோயாளியாக நடிக்கும் ஒருவர் இருப்பார். மூலையில் ஒருவர் பேசாமல் மதிப்பெண் போடுவார். நோயை விசாரிப்பதற்கு ஒரு பங்கு, சிகிச்சைக்கு ஒரு பங்கு. மீதிப் பங்கு முழுக்க அந்த ஆளிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்கு.

நம் ஓபியில் ஒரு நாளைக்கு நூறு சீட்டு. "என்ன செய்யுது? எத்தனை நாளா? நாக்க நீட்டுங்க. மாத்திரை அங்க வாங்கிக்கோங்க." முடிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, வெளியே வராண்டா முழுக்கக் கூட்டம் நின்றால் நீங்களும் அப்படித்தான் பேசுவீர்கள். பிளாப்பிலோ மூன்று கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இது எதனால் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், இதில் எது உங்களுக்குக் கவலையாக இருக்கிறது, என்னிடம் என்ன எதிர்பார்த்து வந்தீர்கள்.

கூட ஹவுஸ் சர்ஜனாக இருந்த தோழி நாகர்கோவிலில் இருந்து தினமும் வீடியோவில் வருவாள். அவள் டியூட்டிக்குப் போன நாட்களில் ஆச்சிதான் என் நோயாளி. முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, போனில் எட்டு நிமிடம் வைத்துவிட்டு, "வணக்கம், உங்களுக்கு என்ன செய்யுது?" என்றேன்.

"என்னட்டி புதுசா, நீங்க நாங்கன்னுட்டு?"

"சொல்லு ஆச்சி, பரீட்சைக்குத்தான்."

"முட்டு வலிக்கி."

"இது எதனால வந்திருக்கும்னு நினைக்கீங்க?"

"அதைத் தெரிஞ்சிக்கிடத்தான ஒன்ன டாக்டருக்குப் படிக்க வச்சோம்? எங்கிட்டயே கேட்டா?"

நான் சிரித்து முடித்து, புத்தகத்தில் இருந்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டேன். "இதுல உங்களுக்கு எது கவலையா இருக்கு?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலை நுனியை இழுத்துக் காலை மூடினாள். "காலை எடுத்துருவாவளோன்னுதான்" என்றாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை முற்றி முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். ஆச்சிக்கும் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில், தடித்த தோலுக்குள், ஒரு ரூபாய் அளவுக்குப் புண். அது வலிக்கவில்லை, வலிக்காததுதான் ஆபத்து. எத்தனை நாளாக என்றால் பதில் இல்லை. முட்டு வலி என்று சொல்லிக்கொண்டு தைலத்தை மட்டும் தேய்த்திருக்கிறாள். டாக்டர் இருக்கிற வீடு. மறுநாளே அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆற இரண்டு மாதம் ஆயிற்று, கால் தப்பியது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை மனப்பாடமாகக் கேட்க எனக்கு வரவே இல்லை. 2023-இல் மான்செஸ்டரில் பதினாறு அறையிலும் என்ன வந்தது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, சொல்லவில்லை. இரண்டு அறையில் சொதப்பினேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். நான்கு வாரம் கழித்து பாஸ் என்று வந்தது.

மீதி எல்லாம் காகித வேலைதான். ஒன்றே ஒன்று. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் வாங்கும் நற்சான்றுக்கு ஜிஎம்சி கணக்கில் மூன்று மாதம்தான் ஆயுள். முன்கூட்டியே வாங்கி பீரோவில் வைத்தால் மறுபடியும் சென்னைக்கு ஓட வேண்டியதுதான். என் கணக்கில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய நான்கு லட்சம் ஆனது. ஒருமுறை தவறியிருந்தால் ஆறைத் தொட்டிருக்கும்.

பதிவு கிடைத்தால் வேலை கிடைத்தது என்று அர்த்தமில்லை. இதை யாரும் முன்பே சொல்லவில்லை, நானாவது சொல்லிவிடுகிறேன். காலையில் வரும் விளம்பரம் விண்ணப்பம் குவிந்து சாயங்காலத்துக்குள் மூடப்படுகிறது. எண்பதுக்கு மேல் போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், இரண்டாவதற்குப் பதில் இன்னும் வரவில்லை. இப்போதும் இரவு டியூட்டிதான்.

பதிவு வந்த அன்று மட்டும் வீட்டில் அல்வா வாங்கினோம். ஜிஎம்சி பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். போனில் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். என் பெயர் சின்னதாக, அதற்குப் பக்கத்தில் சர்நேம் இடத்தில் அவர் பெயர் முழுதாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏம்மா, நான் எட்டாங்கிளாசுல்லா? எம் பேரை எதுக்குப் போட்டிருக்கான்?"