ஒரே வயலில் இரண்டு வாயு

நெல் வயலில் தண்ணீர் தேங்கியே கிடந்தால் மண்ணுக்குள் காற்று போகாமல் மீத்தேன் என்ற, புவியைச் சூடாக்கும் வாயு உருவாகும். காயவிட்டால் அது குறையும். ஆனால் போட்ட யூரியாவிலிருந்து, அதேபோல் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். முன்னது காற்றில் சுமார் 12 ஆண்டு இருக்கும், பின்னது 100 ஆண்டுக்கு மேல். வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் விடும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை நல்லதா என்று கேட்டால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடணும்.

கார் பருவத்தில் அம்பை 16 என்ற நெல் ரகம் நட்ட ஒரு ஹெக்டேரை எடுப்போம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தெற்காசியாவுக்குத் தரும் அளவு, நாளுக்கு 0.85 கிலோ மீத்தேன். நடவிலிருந்து 90 நாளுக்குச் சுமார் 76 கிலோ. பலமுறை காயவிட்டால் 45 சதவீதம், அதாவது 34 கிலோ குறையும். 120 கிலோ தழைச்சத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கூடுவது 0.38 கிலோதான். ஆனால் அதில் ஒரு கிலோ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்; ஆக சுமார் 103 கிலோ நட்டம். மீத்தேனில் கிடைக்கும் லாபம் 100 ஆண்டுக் கணக்கில் (கரியமில வாயுவைப் போல 27 மடங்கு) 918 கிலோ, 20 ஆண்டுக் கணக்கில் (சுமார் 80 மடங்கு) 2,720 கிலோ. நட்டம் லாபத்தில் 11 சதவீதமா 4 சதவீதமா என்பது எந்த ஆண்டுக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அதனால்தான் மீத்தேனின் மடங்கை ஒரேயடியாக நிலைநிறுத்துவது தவறு என்கிறேன். புவி இதற்கு மேல் சூடாகக் கூடாது என்று வைக்கும் வெப்ப உச்சவரம்பு தூரத்தில் இருக்கும்போது இன்று குறைத்த மீத்தேனுக்கு மதிப்பு குறைவு. அது எப்படியும் அதற்குள் கரைந்துபோகும். வரம்பு நெருங்க நெருங்க அதன் விலை ஏறும் என்று 2001-இல் மான், ரிச்செல்ஸ் என்ற பொருளியலாளர்கள் காட்டினார்கள். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியில்லை, இன்று விட்டது அன்றும் இருக்கும். ஆகவே யூரியாவில் கவனம் இப்போதே வேண்டும். நல்லவேளை, அதற்குச் செலவும் குறைவு.

எப்போது பாய்ச்சுவது என்று அறிய, மண்ணுக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு குழாய் போதும். 30 செ.மீ. நீள, 4 அங்குல பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, வரப்பை விட்டுத் தள்ளிப் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். அள்ளாவிட்டால் துளை அடைத்து, அளவு பொய் சொல்லும். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்சணும். பூக்கும் சமயம் முன்னும் பின்னும் ஒரு வாரம் காயவிடவே கூடாது, பதர் விழும்.

யூரியாவை நின்ற தண்ணீரில் தூவினால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். தூவிய பின் வயலைக் காயவிட்டால் நைட்ரேட்டாகி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். பாய்ச்சுவதற்குச் சற்று முன், இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத்தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள்.

காருக்கு அடுத்த பிசானப் பருவத்தில் வடகிழக்கு மழை விடாதவரை வயல் காயாது, அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடையில் முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியில்லாதபோதும் காயவிட வேண்டாம்.