நாலு வரியில் வயிற்றுவலி

டென்மார்க்கில் குடும்ப டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். மஞ்சள் நிற மருத்துவ அட்டை போதும்; அதிலேயே உங்கள் டாக்டரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அச்சாகியிருக்கும். ஆனால் திருச்சியில் மாதிரி நினைத்த நேரத்துக்குக் கிளம்பிப்போய் டோக்கன் வாங்கி உட்கார முடியாது. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் போன் செய்து பேச வேண்டும். எல்லோரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். காத்திருந்து லைன் கிடைத்தால் மறுமுனையில் டேனிஷ். பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைப் பேசுகிற பாஷை. எதிரில் முகம் இருந்தாலாவது ஊகிக்கலாம், போனில் அதுவும் கிடையாது.

கணவருக்கு பிராண்டேயில் காற்றாலை வேலை, வீடு ஹெர்னிங்கில். வந்த முதல் குளிர்காலத்தில் பையனுக்கு முழங்கை மடிப்பில் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. போனுக்குப் பயந்து நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, பள்ளியில் இன்னொரு பிள்ளையின் அம்மாதான் "எழுதிக் கேளேன்" என்றாள்.

2009 முதல் இங்கே எல்லாக் குடும்ப டாக்டர்களும் நோயாளிகள் எழுதிக் கேட்க வழி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் சும்மா பதில் போடுவதில்லை. அப்படி எழுதிப் பார்க்கிற ஒவ்வொரு ஆலோசனைக்கும் பிராந்திய அரசு அவருக்குப் பணம் தருகிறது. நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று டாக்டரைத் திட்டுவோம். அந்த மனுஷனுக்கு அதில் பத்து பைசா வரும்படி கிடையாது.

இ-மெயில் என்று பேச்சுக்குச் சொல்கிறார்களே தவிர, ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் ஆகாது. மிட்ஐடி என்கிற டிஜிட்டல் அடையாளத்தைப் போட்டு கிளினிக்கின் தளத்திலோ 'மின் லேகே' (என் டாக்டர்) ஆப்பிலோ உள்ளே போய் எழுத வேண்டும். பதில் வந்ததும் நம் சாதாரண மெயிலுக்கு ஒரு வரி வரும்: உங்களுக்குச் செய்தி இருக்கிறது. என்ன செய்தி என்பது அதில் இருக்காது. பதிலுக்கு ஐந்து வேலைநாள் வரை ஆகலாம் என்று பல கிளினிக்குகளில் போட்டிருக்கும். அதனால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலிக்கெல்லாம் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது; அதற்கு 112, இங்கத்து அவசர எண்.

கணவரை உட்காரவைத்து ஆங்கிலத்தில் எழுதி, முழங்கையைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே பதில். ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, இத்தனை வேளை, இத்தனை நாள், குறையாவிட்டால் நேரில் வாருங்கள். மருந்துச்சீட்டு ஏற்கெனவே கணினியில் ஏறியிருந்தது; மருந்துக்கடையில் பையனின் சிபிஆர் எண்ணை (இங்கே ஆளுக்கொன்றாக இருக்கும் அடையாள எண்) சொன்னதும் டியூபை எடுத்து நீட்டினார்கள். பாஷை தெரியாதவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? யாரும் அவசரப்படுத்தாமல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தரம் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் எழுதுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். நமக்கு வயிற்றுவலி என்றால் முந்தாநாள் கல்யாண வீட்டில் சாப்பிட்ட பருப்பு வடையிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். இங்கே டாக்டருக்கு வேண்டியது நாலு வரி: எங்கே, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டுப் பார்த்தாய், என்னிடம் என்ன கேட்கிறாய். ஒரு கடிதத்துக்கு ஒரு வியாதி. இரண்டு வியாதி எழுதினால் இரண்டாவதற்கு நேரம் வாங்கி வரச் சொல்வார். (எதற்கும் முதல் பதில் பனோடில்தான். அது நம் பாராசிட்டமால்.)

இந்த நாலு வரிக்குள் அடங்காதவர் கீழ்வீட்டு அக்கா. வயசுக்கு அம்மா என்று கூப்பிட வேண்டும். அவருக்கு அக்காதான் பிடிக்கும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பம். தொழிற்சாலையில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவரோடு எல்லாம் சரளமாகப் பேசுவார். எழுத்துத்தான் வராது. கோபன்ஹேகனில் இருக்கிற மகன்தான் மிட்ஐடி வாங்கிக் கொடுத்து, டாக்டருக்கு எழுதுவதையும் பார்த்துக்கொண்டான். பிரஷர் மாத்திரை தீர்ந்தால் மகனுக்கு ஒரு போன், மகன் எழுதுவான்.

ஒருநாள் மதியம் அக்கா மேலே வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "பிள்ளை, ஒரு கடிதம் எழுதோணும். தம்பியிட்டச் சொல்லேலாது." சுற்றி வளைத்து முழங்கால், நித்திரை, மருமகள் எல்லாம் தாண்டித்தான் விஷயத்துக்கு வந்தார். "அது நிண்டு பத்து வருசமாச்சுது. இப்ப திரும்பவும் படுது." எத்தனை நாளாக என்று கேட்டேன். கோயில் கொடியேற்றத்துக்கு முன்னாலிருந்தாம். பெற்ற மகன் இதைப் படித்து, தட்டச்சுச் செய்து, அனுப்புவதை நினைத்தே அவர் பேசாமல் இருந்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமே என்றால் அதற்கும் வேண்டாமென்று தலையாட்டினார். 2018 ஜூலையிலிருந்து, இங்கே மூன்று வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் பொதுவாக அதற்குத் தாங்களே கட்டணம் கட்ட வேண்டும். காசுகூட அவருக்குப் பெரிதில்லை. இந்த வட்டாரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம்தான். ஆனாலும் தேர்த்திருவிழாவில் எதிரே வந்து "சுகமோ அக்கா?" என்று கேட்டால்?

அவருடைய போனிலேயே எழுதினேன். மாதவிடாய் நின்று பத்து வருடம், சில வாரங்களாக இரத்தப்போக்கு, வலி இல்லை. மூன்றே வரி. மிட்ஐடிக்கு அவர் விரல்தான் திரையைத் தள்ளியது.

அன்று மாலையே மகன் போன் செய்தான். "அம்மா, டொக்டர் ஏதோ எழுதியிருக்கிறார், என்ன விஷயம்?" பதிவு செய்தபோது அவன் தன் மெயில் முகவரியைக் கொடுத்திருந்ததால் அந்த ஒற்றை வரி அறிவிப்பு அவனுக்குப் போயிருக்கிறது. "பிரஷர் குளிசை" என்று அக்கா சமாளித்தார். பதிலில், நாளைக் காலையே போன் செய்யுங்கள், இது கடிதத்தில் பேசுகிற விஷயம் இல்லை என்று இருந்தது. பெண்கள் நல மருத்துவர், ஸ்கேன், ஒரு சின்னச் சதைவளர்ச்சி. எடுத்துவிட்டார்கள், புற்றுநோய் இல்லை.

நல்ல ஏற்பாடுதான் இது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளினிக்குக்குப் போகிற கடிதத்தில் சிபிஆர் எண் யாருடையது என்று தெரியும். தட்டச்சுச் செய்தவர் யாரென்று தெரியாது. எழுதிக்கொடுக்கிறவர் கண்ணுக்குப் படக் கூடாத வியாதிகள் அந்தக் கடிதங்களில் இருக்கவே இருக்காது. வயதானவர்கள் நேரில் வரும்போது "உங்களுக்கு எழுதித் தருவது யார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அக்காவின் டாக்டர் கேட்டாராம். இனி இப்படி ஏதாவது என்றால் எழுதவே வேண்டாம், எட்டு மணிக்குக் கூப்பிட்டு உன் டேனிஷிலேயே சொல் என்றாராம்.

அக்காவுக்கு இப்போது சொந்தமாக ஒரு ஜிமெயில் இருக்கிறது. அறிவிப்பு அங்கேதான் வருகிறது. பிரஷர் மாத்திரைக்கு மட்டும் இன்னும் மகன்தான் எழுதுகிறான். அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.