நர்சிங் பிஎச்.டி: தரவு சேகரிக்கும் முன்பே கரையும் காலம்

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கோர்ஸ் வொர்க்கும் (ஆரம்பத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) அதற்குள்தான். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்தக் காலம் எங்கே கரைகிறது என்றால், எங்கள் அனுபவத்தில், முதல் நோயாளியைச் சந்திப்பதற்கு முன்புதான்.

அனுமதிகளை வரிசை மாறாமல் வாங்குங்கள். ஆய்வு ஆலோசனைக் குழு, நெறிமுறைக் குழு, மருத்துவமனை, பிறகு சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. நோயாளிகளுக்குப் பயிற்சியோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால் பதிவு எண் கையில் வராமல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள். 2018 ஏப்ரல் முதல், ஆரம்பித்த பிறகு பதிவு செய்ய வழியில்லை. பதிவேட்டிலிருந்து கேள்விகள் திரும்பி வரும். அதற்கும் சில வாரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது வினாத்தாள். முதலில் அதை உருவாக்கியவரிடம் எழுத்து அனுமதி. பிறகு தமிழாக்கம், வேறொருவர் மூலம் மீண்டும் ஆங்கிலத்துக்கு. இவ்வளவு செய்தும் வார்டில் சிக்கும். ‘அழுத்தம்’ என்று கேட்டால் பலர் பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொல்வார்கள். ‘சில நேரம்’, ‘அவ்வப்போது’ இரண்டுக்கும் வயதானவர்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை. பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். வினாத்தாளைச் சரிபார்க்கும் நிபுணர்கள் 6 பேர் என்றால் ஒவ்வொரு கேள்வியையும் குறைந்தது 5 பேராவது பொருத்தமென ஏற்க வேண்டும்.

மாதிரி அளவில், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதில், அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. இரண்டு குழுக்கள் (பயிற்சி பெறுவோர், ஒப்பீட்டுக்கு இருப்போர்), விளைவு அளவு (குழுக்களுக்கு இடையே எதிர்பார்க்கும் வித்தியாசம், திட்ட விலக்க அலகில்) 0.5, திறன் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80%, பிழை வாய்ப்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 5% என்றால் குழுவுக்கு 64 பேர். 20% பேர் விலகுவார்கள் என்று வைத்தால் 64-உடன் 20% கூட்டி 77 என்று எழுதிவிடுகிறார்கள். 64-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 80 பேர்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இரு குழுவினரும் ஒரே வார்டில் இருப்பது. பக்கத்துக் கட்டிலில் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை, கூட இருக்கும் உறவினர்கள் மாலைக்குள் வார்டு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் போகும். ஒரு வார்டு முழுவதையும் ஒரே குழுவில் வைத்து, வார்டு வார்டாகப் பிரித்தால் இது குறையும். ஆனால் ஒரே வார்டுக்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதால் குழுவுக்கு 80 பேர் போதாது, வார்டுகளும் நிறைய வேண்டும். இந்த முடிவை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே எடுங்கள். பின்னால் மாற்றினால் நெறிமுறைக் குழுவிடம் திருத்த விண்ணப்பம், சி.டி.ஆர்.ஐ.யிலும் திருத்தம்.