அம்மாவின் காதுக்கென ஓர் அமைப்பு

அம்மா கோத்தகிரியில் இருக்கிறார். மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வெளியே நடமாட முடியாது. ஐபேடில் கச்சேரி கேட்பதுதான் அவருடைய பொழுது. நான் பயன்படுத்திய ஏர்பாட்ஸ் ப்ரோ இயர்போனை என் ஆப்பிள் கணக்கிலிருந்து நீக்கி, அவருடைய கணக்கில் சேர்த்துக் கொடுத்தேன். சில நாள் கழித்து, பாட்டு தெளிவாக இருக்கிறது, ஆனால் பாடுகிறவர் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது என்றார். அதே இயர்போனில் எனக்குப் பாடகர் எதிரில்தான் இருந்தார்.

காரணம் இருக்கிறது. ஒலி இடமா வலமா என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் ஒலியளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை கணக்கிடுகிறது. 1907லேயே இயற்பியலாளர் ராலே பிரபு இதை விளக்கிவிட்டார். அந்த நேர வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட இராது. முன்னா பின்னா, மேலா கீழா என்று அறிவதற்குக் காதுமடலின் மடிப்புகள் வேண்டும். அவை உயர் அதிர்வெண்களைத் திசைக்கேற்பக் கூட்டிக் குறைத்து உள்ளே அனுப்புகின்றன. கைரேகையைப் போல இந்த மடிப்புகளும் ஆளுக்கு ஆள் வேறு. இயர்போன் காதுக்குள்ளேயே ஒலிப்பதால் மடிப்புகளுக்கு அங்கே வேலையில்லை; அவை செய்யும் மாற்றத்தை மென்பொருள் கணக்கிட்டுச் சேர்த்து, ஒலி சுற்றிலுமிருந்து வருவதுபோல் கேட்க வைக்கிறது. இதற்கு ஸ்பேஷியல் ஆடியோ என்று பெயர். பொதுவான ஒரு காதை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு சிலருக்குப் பொருந்தும். சிலருக்குப் பாடகரை முதுகுப்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும்.

ஏர்பாட்ஸில் இந்தக் கணக்கை நம் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி 2022இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16உடன் வந்தது. என் காதுக்கு அதை முன்பே செய்து வைத்திருந்தேன். அந்த அமைப்பு இயர்போனுக்குள் உட்காருவதில்லை. அளவெடுத்தவரின் ஆப்பிள் கணக்கில் சேர்ந்து, அந்தக் கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளுக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. என் ஐபோனில் அளவெடுத்தது மேக் கணினியிலும் அப்படித்தான் வந்தது. இயர்போன் கைமாறியபோது என் அமைப்பு என்னோடு தங்கிவிட்டது; அம்மாவுக்கு அவருடையது வேண்டும்.

அளவெடுக்க, முகத்தின் ஆழத்தை அறியும் முன்கேமரா உள்ள ஐபோன் தேவை. அம்மாவிடம் இருப்பது ஹோம் பட்டன் வைத்த ஐபோன் எஸ்இ. அதில் அந்தக் கேமரா இல்லை. ஐபேடில் அமைப்பைப் பயன்படுத்தலாமே தவிர அளவெடுக்க முடியாது. அண்ணன் விட்டுப்போன ஐபோன் எக்ஸ் அலமாரியில் கிடந்தது. 2017இல் வந்த மாடல். ஐஓஎஸ் 16தான் அதற்குக் கிடைத்த கடைசிப் பெரிய பதிப்பு. நூலிழையில் தேறிவிட்டது. அதை முழுவதுமாக அழித்து, அம்மாவின் கணக்கில் நுழைந்து, அப்டேட் போட்டேன். இங்கே மழையும் மின்வெட்டும் சேர்ந்தால் இணையம் எப்படி இருக்கும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஓடி, காலையில்தான் முடிந்தது.

ஏர்பாட்ஸை அந்த ஃபோனோடு இணைத்துவிட்டு, செட்டிங்ஸில் அதன் பெயரைத் தொட்டால் தனிப்பயன் ஸ்பேஷியல் ஆடியோ என்ற பகுதி வரும். அளவெடுக்கும்போது காது முழுவதும் வெளியே தெரிய வேண்டும். குளிருக்குப் போட்டிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றவே அம்மா தயங்கினார். அடுப்படியில் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அங்கேயே நாற்காலியைப் போட்டேன். காதை மூடியிருந்த முடியை அவரே இழுத்துப் பின்னால் முடிந்துகொண்டார். வைரத்தோட்டைக் கழற்றமாட்டேன் என்றார்; கழற்றாமலே வேலை நடந்தது. ஃபோனை முகத்துக்கு நேராக ஓர் அடி தூரத்தில் நான் பிடித்துக்கொண்டேன். முதலில் முகம், தலையை மெல்ல வட்டமாகச் சுற்ற வேண்டும். பிறகு வலது காது: ஃபோனை வலப்பக்கம் 45 டிகிரி நகர்த்தியதும் அவர் தலையை இடப்பக்கம் திருப்பினார். இடது காதுக்கு இதையே மாற்றிச் செய்தோம். கழுத்துவலி உள்ளவர்களை அவசரப்படுத்தாதீர்கள். மெதுவாகத் திருப்பினால்தான் கேமராவுக்கும் வசதி. படமெல்லாம் எங்கே போகிறது என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. கணக்கீடு ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது, படங்கள் சேமிக்கப்படுவதில்லை என்று ஆப்பிள் சொல்வதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

ஐபேடில் அதன் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 16.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும்; இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கச்சேரியைப் போட்டுக்கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம் என்று கையால் காட்டினார். அது முன்பும் அப்படித்தான் கேட்டிருக்கும். பாடகர் எங்கே என்று கேட்டேன். எதிரே இருந்த ஜன்னலைக் காட்டினார். பிடரிக்குப் பின்னாலிருந்து அங்கே வந்துவிட்டதே, அந்த வித்தியாசத்துக்காக இத்தனை மெனக்கெடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வீடு முழுவதும் ஒரே கணக்கில் இருந்தால் இது சரிப்படாது. அம்மாவுக்கு ஒரு கணக்கு, அப்பாவுக்கு ஒரு கணக்கு என்று முதலில் பிரித்துவிடுங்கள். தங்கையின் ஆண்ட்ராய்டு ஃபோனில் இதே ஏர்பாட்ஸ் சாதாரண ப்ளூடூத் இயர்போனாகத்தான் வேலை செய்கிறது. அமைப்பு அங்கே வராது. ஐபோன் எக்ஸை அம்மாவின் கணக்கிலேயே விட்டு வைத்திருக்கிறேன். அளவு பிடிக்காவிட்டால் செட்டிங்ஸின் அதே பகுதியில் நிறுத்திவிட்டு, மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.