பிஎஸ்ஐஆர் இரண்டாம் தாள்: முதலில் அட்லஸை எடுங்கள்

யுபிஎஸ்சி மெயின்ஸ் பட்டியலில் என் எண்ணைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. என் விருப்பப் பாடம் பிஎஸ்ஐஆர், அதாவது அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தமிழ்வழியில் தயாராகிற தம்பி தங்கைகள், ‘ரஷ்யா ஏன் பக்கத்து நாடுகளில் தலையிடுகிறது?’ மாதிரி இரண்டாம் தாள் கேள்விகளுக்கு எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நேர்முகத் தேர்வுக்கு உட்காரும் முன் இதை எழுதிவிடுகிறேன். சொல்ல இருப்பது ஒன்றுதான்: கோட்பாட்டுக்கு முன்னால் வரைபடம்.

நான் படித்த பயிற்சி மையத்தின் குறிப்பில் ரஷ்யா என்றாலே யதார்த்தவாதம், அதிகாரச் சமநிலை என்று கோட்பாடுகள் பக்கம் பக்கமாக ஓடும். கிரிமியாவின் துறைமுக நகரமான செவஸ்தபோல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருங்கடலை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். வெளியே வர போஸ்பரஸ், டார்டனெல்ஸ் ஜலசந்திகளைத் தாண்ட வேண்டும். அங்கே போர்க்கப்பல் போக்குவரத்தை 1936 மோன்ட்ரோ உடன்படிக்கைப்படி துருக்கி கட்டுப்படுத்துகிறது. சோவியத் உடைந்ததும், ரஷ்யக் கடற்படையின் முக்கியத் தளமான செவஸ்தபோல் உக்ரைன் எல்லைக்குள் போய்விட்டது. 1997 ஒப்பந்தம் அதை 2017 வரை குத்தகைக்குக் கொடுத்தது, 2010இல் அது 2042 வரை நீண்டது. 2014இல் கீவில் ஆட்சி கவிழ்ந்ததும் ரஷ்யா கிரிமியாவையே எடுத்துக்கொண்டது. இந்த வரிசை கையில் இருந்தால் ‘ரஷ்யா ஏன் அங்கே?’ என்பதற்குப் பாதி விடை வந்துவிடும். ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. பக்கத்து நாட்டின் இறையாண்மையை விட்டுவிட்டு எழுதிய விடை எனக்கு விடையே இல்லை.

குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்த கதையோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரு கரைக்காகவும் மிளகுக்காகவும் அந்நியச் சக்தி எவ்வளவு தூரம் வரும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வரைபடத்தில் குறிக்க வேண்டியவை:

- 2008: ஏப்ரலில் உக்ரைனும் ஜார்ஜியாவும் பின்னாளில் உறுப்பினராகும் என்று அறிவித்த புக்கரெஸ்ட் நேட்டோ மாநாடு, ஆகஸ்டில் ரஷ்யா-ஜார்ஜியா போர்.
- ரஷ்யப் படைத் தளங்கள்: ஆர்மீனியாவில் கியூம்ரி, கிர்கிஸ்தானில் காந்த், தஜிகிஸ்தானில் 201ஆவது தளம்.
- 2022 ஜனவரி: ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் படை, கலவரத்தை அடக்க கஜகஸ்தான் போனது.
- 2023: ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கராபாக் பகுதி அசர்பைஜான் வசமானது, ரஷ்ய அமைதிப்படை தடுக்கவில்லை.

கடைசி இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். ரஷ்யச் செல்வாக்கின் எல்லை அங்கேதான் தெரிகிறது.

அப்புறம், இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கும் இதே முறைதான்: 2017, சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, பக்கத்திலேயே கிழக்கு மேற்குக் கப்பல் பாதை.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. வரைபடமும் தனியாக இருந்து வரைந்தால்தான் கையில் நிற்கும். 20 மதிப்பெண் கேள்விக்கு மட்டும் போடுங்கள், 10 மதிப்பெண்ணுக்குப் போட்டால் நேரம் போய்விடும்.